பழசை கொடுத்துவிட்டு புது வண்டி எடுக்கலாமா? கரிசல் காட்டு 'லோடு வேன்'காரர்கள் முன் நிற்கும் கேள்வி

குளத்தூர்:-

"பழசை கொடுத்துட்டு புதுசு எடுத்துரலாமா, அண்ணாச்சி?"

குளத்தூர் வட்டாரத்தில் லோடு வண்டி வைத்து பிழைப்பவர்கள் மனதை அரிக்கும் கேள்வி இதுதான்.

தூத்துக்குடிக்கு வடக்கே, விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிறது குளத்தூர். ஒரு பக்கம் கடலும் உப்பளமும். மறு பக்கம் கரிசல் காடு. மிளகாய், உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி. எல்லாம் மழையை நம்பி செய்யும் வெள்ளாமை.

காட்டில் விளைந்ததை சந்தைக்கு கொண்டு போக இன்று பெரிதும் உதவுவது சின்ன லோடு வண்டிகள்தான். ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அதனால், வண்டியை மாற்றுவது வீட்டில் டி.வி. மாற்றுவது போன்ற காரியம் அல்ல. கணக்கு தப்பினால் புது வண்டியும் போகும், போட்ட முன்பணமும் போகும்.

குட்டி யானை

முன்பெல்லாம் பத்து மூட்டை மிளகாய் என்றாலும் மாட்டு வண்டி அல்லது டிராக்டர் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் லாரிக்கு காத்துக் கிடக்க வேண்டும்.

2005-ம் ஆண்டு மே மாதம் டாடா கம்பெனி 'ஏஸ்' வண்டியை கொண்டு வந்தது. 702 சி.சி. கொண்ட 2 சிலிண்டர் டீசல் என்ஜின். முக்கால் டன் பாரம் தாங்கும். விலை அப்போது சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். மக்கள் அதற்கு "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள்.

2011-ல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது. இன்னும் கூடுதல் பாரத்துக்கு மகிந்திரா 'பொலீரோ பிக்கப்' இருந்தது. 2022-ல் அதன் புதிய மாடலாக 'மேக்ஸ் பிக்கப்' வந்தது. 2025 ஜூன் மாதம் 'ஏஸ் புரோ' வந்தது. ஆரம்ப விலை ரூ.3 லட்சத்து 99 ஆயிரம். பெட்ரோலில் ஓடுவதும் உண்டு. மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியும் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. வரி இல்லாமல் 7 லட்சம் ரூபாய் விலை உள்ள வண்டிக்கு இதனால் 70 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஆசை வேறு, தவணை வேறு.

தவணை எவ்வளவு?

ஒருவர் 8 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 11 சதவீத வட்டி. 5 ஆண்டு தவணை. வட்டி, மீதி நிற்கும் கடனுக்கு மட்டும்.

மாதம் சுமார் 17 ஆயிரத்து 400 ரூபாய் கட்ட வேண்டும். 5 ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 2 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய் போகும்.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும்.

"எங்களிடம் 7 சதவீதம்தான்" என்று ஒருவர் சொல்லக் கூடும். அது 'பிளாட்' வட்டியா என்று கேட்க வேண்டும். 'பிளாட்' வட்டி என்றால், கடன் குறைந்து கொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழு தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள்.

8 லட்சத்துக்கு 7 சதவீத 'பிளாட்' வட்டியில் 5 ஆண்டுக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வட்டி. மாத தவணை 18 ஆயிரம் ரூபாய். மீதி கடனுக்கு மட்டும் வட்டி என்ற கணக்கில் பார்த்தால் இது சுமார் பன்னிரண்டரை சதவீதம்!

7 சதவீதம் என்று சொன்னது, 11 சதவீதத்தை விட அதிகம் ஆகிவிட்டது. ஆகவே, வட்டி விகிதத்தை கேட்டு மயங்கக் கூடாது. "மாசம் எவ்வளவு, எத்தனை மாசம், மொத்தம் எவ்வளவு?" இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

வருமானம் 5 மாதம், தவணை 12 மாதம்

பட்டணத்து வண்டிக்கும் கரிசல் காட்டு வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இங்கே புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் வீடு வந்து சேரும். அதை அடுத்து மிளகாய் பழம் பறிப்பு. அந்த மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இருக்காது.

வெயில் காலம் முற்றி, காடு வெறுமை ஆகிவிட்டால் வண்டியும் படுத்துவிடும். கரி மூட்டை, உப்பு, கருப்பட்டி, எட்டயபுரம் சனிக்கிழமை சந்தைக்கு போகும் ஆடு. இப்படி கிடைத்த லோடை பிடித்து ஓட்ட வேண்டும்.

ஒரு வண்டிக்காரருக்கு டீசல், ஆள் செலவு போக வேலை உள்ள 5 மாதத்தில் மாதம் 45 ஆயிரம் ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 மாதத்தில் மாதம் 12 ஆயிரம் ரூபாய். ஆக ஆண்டுக்கு 3 லட்சத்து 9 ஆயிரம்.

தவணை ஆண்டுக்கு 2 லட்சத்து 8 ஆயிரத்து 800. கையில் நிற்பது 1 லட்சத்து 200. அதில்தான் இன்சூரன்ஸ், டயர், வீட்டு செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம்.

அதிலும், வேலை இல்லாத 7 மாதத்தில் தவணை கட்டவே மாதம் 5 ஆயிரத்து 400 ரூபாய் துண்டு விழும். மொத்தம் 37 ஆயிரத்து 800 ரூபாய். இதை தை, மாசியிலேயே தனியாக எடுத்து வைத்தால்தான் ஆடி மாதம் தவணை தப்பாது.

மழை பொய்த்தால்? பூச்சி விழுந்தால்?

2018-ம் ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து விவசாயிகள் தலையில் கை வைத்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தை பெருமழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது.

வெள்ளாமை போனால் வண்டிக்கும் லோடு இல்லை. ஆனால் தவணை நிற்காது.

பழைய வண்டியின் செலவு

அதற்காக பழைய வண்டியை கட்டி அழ வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

ஒர்க்‌ஷாப்புக்கு ஆண்டுக்கு 60 ஆயிரம் ரூபாய் போகிறது என்று வைப்போம். வண்டி படுத்ததால் 15 நாள் வாடகை போனது. நாள் ஒன்றுக்கு 1,500 வீதம் 22 ஆயிரத்து 500 ரூபாய். ஆக 82 ஆயிரத்து 500.

புது வண்டி தவணையில் இதை கழித்தால், ஆண்டுக்கு 1 லட்சத்து 26 ஆயிரத்து 300 ரூபாய். அதாவது, புது வண்டி மாதம் பத்தாயிரத்து ஐநூறு ரூபாய் கூடுதலாக சம்பாதிக்க வேண்டும்.

"மைலேஜில் எடுத்துரலாம்" என்பார்கள். மாதம் 2 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் வண்டி. பழையது லிட்டருக்கு 13, புதியது 15 கொடுக்கிறது. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் சுமார் 1,900 ரூபாய்தான். மீதி 8 ஆயிரத்து 600 ரூபாய்க்கு புதிதாக லோடு கிடைக்க வேண்டும்.

5 ஆண்டு கழித்து வண்டி சொந்தமாக நிற்கும் என்பது உண்மை. அது வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதும் உண்மை.

இந்த தொகைகள் எல்லாம் உதாரணம்தான். அவரவர் நோட்டை எடுத்து அவரவர் தொகையை போட்டு பார்க்க வேண்டும்.

என்ன லோடு, என்ன வண்டி?

வற்றலும் கரியும் எடை குறைவு. ஆனால் இடத்தை அடைக்கும். இதற்கு என்ஜின் பலத்தை விட பின்பெட்டியின் நீளம்தான் முக்கியம். உப்பு அப்படி அல்ல. பெட்டி பாதி நிறையும் முன்பே பாரம் எட்டிவிடும்.

பாரம் மிஞ்சினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் கூடுதல். 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டம் இது. உப்பு ஏற்றுகிறவர் சின்ன வண்டியை வைத்துக்கொண்டு தினம் பயந்து ஓட்டுவதை விட பெரியதாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

வண்டியும் பாரமும் சேர்ந்து 3 டன்னுக்குள் இருந்தால் 'பெர்மிட்' வேண்டாம். அதற்கு மேல் போனால் வேண்டும். லைசென்ஸ் பற்றி கவலை இல்லை. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஏழரை டன் வரை உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது.

புகை வடிகட்டி

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்கும் புது வண்டிகள் எல்லாம் 'பி.எஸ்.-6' வகை. புகை குறைவு. டீசல் என்ஜினில் புகைக்கரியை பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது.

பிடித்து வைத்த கரி, சூடு ஏறினால்தான் எரிந்து தீரும். வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் சூடு ஏறும். காட்டுக்கும் களத்துக்கும் இரண்டு, மூன்று கிலோ மீட்டர் மட்டும் ஊர்ந்து கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். விளக்கு எரியும். அதை கண்டுகொள்ளாமல் ஓட்டினால் செலவு பழுத்துவிடும்.

கிழக்கு கடற்கரை சாலையில் தூத்துக்குடிக்கு போய் வரும் வண்டிக்கு இந்த தொல்லை குறைவு. காட்டுப் பாதையிலேயே உழலும் வண்டிக்கு அதிகம்.

பழைய வண்டியை உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரி செய்துவிடுவார். புது வண்டியில் பல கோளாறுகளை கம்ப்யூட்டர் கருவி மாட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். சர்வீஸ் செய்யும் இடம் எத்தனை கிலோ மீட்டரில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

15 வருஷம் ஆனால் உடைப்பார்களா?

"15 வருஷம் ஆனா வண்டியை பிடிச்சு உடைச்சிடுவாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்த பயத்தில் அவசரப்பட்டு கிடைத்த விலைக்கு தள்ளிவிடக் கூடாது.

15 ஆண்டு ஆனதும் பதிவை ரத்து செய்வது என்று 2023 ஏப்ரல் முதல் வந்த விதி, அரசு வாகனங்களுக்கு மட்டும்தான். பழைய டீசல் வண்டிக்கு தடை என்று செய்தி வருவது டெல்லி வட்டாரத்துக்கு.

மற்றவர்கள் வண்டி எப்.சி.யில் தேறினால் ஓட்டலாம். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. அதற்கு மேல் ஆண்டுதோறும். வயது ஏற ஏற கட்டணமும் ஏறும். இந்த செலவையும் பழைய வண்டி கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆள் ஏற்றாதீர்கள்

புது வண்டி எடுத்ததும் தவணையை நினைத்து சிலர் களை எடுக்க, மிளகாய் பறிக்க ஆள் ஏற்றி போக நினைக்கலாம். இதில் பெரிய ஆபத்து இருக்கிறது.

சரக்கு வண்டியில், சரக்குக்கு சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள் போகலாம். மற்றவர்களை ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு ஏற்காது. நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலையில் விழும். ஏறி வந்த ஏழைகளின் உயிருக்கும் பாதுகாப்பு இல்லை.

எப்போது மாற்றலாம்?

மூன்று கேள்விகளுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் தைரியமாக மாற்றலாம்.

1. வேலை இல்லாத 7 மாதத்தில் விழும் துண்டை முன்கூட்டியே எடுத்து வைக்க முடியுமா?

2. பெரிய வண்டி இல்லாததால் கைவிட்டு போகும் லோடு உண்மையிலேயே இருக்கிறதா?

3. ஒரு வருஷம் மழை இல்லை என்றாலும் தவணை கட்ட வழி இருக்கிறதா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஒரு வருஷம் பொறுப்பது நல்லது. தவணைக்கு போகும் பணத்தில் மாதம் பத்தாயிரம் எடுத்து வைத்தால், அடுத்த தைக்குள் 1 லட்சத்து 20 ஆயிரம் முன்பணம் சேரும். கடன் அந்த அளவுக்கு குறையும்.

பெயர் மாற்றம் முக்கியம்

பழைய வண்டியை விற்கும்போது பணத்தை எண்ணி வாங்கினால் மட்டும் போதாது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற வேண்டும்.

வண்டியை விற்றுவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்கு பொறுப்பு என்று 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறி இருக்கிறது. கை மாறி, கை மாறி போன வண்டி எங்கோ மோதினால், நோட்டீசு முதலில் விற்றவர் வீட்டுக்கு வரும்.

பழைய கடன் தீர்ந்திருந்தால், கடன் கொடுத்தவரிடம் தடையின்மை சான்று வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். பிறகு 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயரை மாற்ற வேண்டும்.

பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வந்த பிறகு புது வண்டிக்கு மாலை போடலாம்.