மூச்சுக் காற்றில் உள்ள ஆபத்தை அளப்பது எப்படி?



"பெட்ரோல் வாடையைச் சுவாசித்தால் புற்றுநோய் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்த இரசாயனம், எவ்வளவு, எத்தனை காலம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டும்.

முதலாவது, எந்த இரசாயனம்? பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது. அது எளிதில் ஆவியாகி, மூச்சுடன் நுரையீரலுக்குள் சென்று இரத்தத்தில் கலக்கிறது. பிறகு ஈரலில் வேறு பொருட்களாக மாறி, இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கிறது. இது மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, எவ்வளவு, எத்தனை காலம்? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரப்பரிலிருந்து மெல்லிய உறைத்தாள் தயாரித்த ஆலைகளில் பென்சீனைப் பயன்படுத்தினார்கள். அங்கு வேலை செய்த 1,165 ஆண்களைப் பற்றிய ஆய்வு 1987-ல் வெளியானது. பொதுமக்களின் இறப்புக் கணக்குப்படி அவர்களில் சுமார் 3 பேர் இரத்தப் புற்றுநோயால் இறந்திருக்கலாம். ஆனால் இறந்தவர்கள் 9 பேர். ஒவ்வொருவரும் சுவாசித்த காற்றிலிருந்த பென்சீன் அளவையும் வேலை செய்த ஆண்டுகளையும் பெருக்கிப் பார்த்தபோது, அந்தத் தொகை கூடக்கூட ஆபத்தும் கூடியது தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்தே குறைந்த அளவுகளுக்கும் கணக்கிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு இது: ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் பென்சீன் இருந்து, அதை 10 லட்சம் பேர் ஆயுள் முழுவதும் சுவாசித்தால், வழக்கத்தைவிட 6 பேருக்கு அதிகமாக இரத்தப் புற்றுநோய் வரலாம். இந்தியாவில் 2009-ல் அறிவிக்கப்பட்ட தரத்தின்படி ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அந்த அளவில் 10 லட்சம் பேருக்கு 30 பேர் என்று ஆகிறது.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவை ஒரு பெரிய கூட்டத்துக்கான கணக்கு. அந்த 30 பேர் யார் என்பதை இவை சொல்லாது. வண்டிக்குப் பெட்ரோல் போடச் சில நிமிடங்கள் நிற்பவர் பயப்படத் தேவையில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் நாள்தோறும் பல மணி நேரம், ஆண்டுக்கணக்கில் நிற்பவருடைய கணக்கு வேறு. "இதுவரை ஒன்றும் ஆகாது" என்று சொல்லத்தக்க எல்லை பென்சீனுக்குக் கிடையாது. எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நன்மை.

செய்யக்கூடியவை எளியவை. பெட்ரோலால் கை கழுவாதீர்கள். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். பெயின்ட், பசை போன்றவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள். புகைப்பிடிப்பதை விட்டுவிடுங்கள், சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு.

இன்னொன்று. இரத்தச்சோகை, ஓயாத காய்ச்சல், காரணமில்லாத இரத்தக்கசிவு என்று மருத்துவரிடம் செல்லும்போது, என்ன வேலை, எத்தனை வருடம் செய்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.