அபாய வேளையில் தொலைபேசியில் முதலிற் கூறவேண்டியது

மலைச்சரிவிலே நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு நேரக்கூடிய இடர்கள் பலவாகும். வரப்பிலே பாம்பு தீண்டலாம். பூச்சிமருந்து தெளிப்பவர் மயங்கி விழலாம். மழைக்காலத்தில் வீட்டின்மேல் மண் சரியலாம். அவ்வேளைகளில் தொலைபேசியில் முதலிற் கூறப்படுவது எதுவென்பது பெரிதும் கவனிக்கற்பாலது.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, பெருமழையின் விளைவாக, அரநாயக்கவிலுள்ள சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களின்மேல் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளிற் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. இத்தகைய இடங்களுக்குச் செல்லும் பாதைகள் ஒடுங்கியவை. வழிதவறிய வண்டி திரும்பி வர நெடுநேரம் செல்லும்.

ஆகவே, அழைப்பவர் முதலிற் கூறவேண்டியது இடமே. மலைநாட்டிலே தொலைபேசித் தொடர்பு இடையில் அறுந்து போதல் வழக்கம். இடம் தெரிந்திருப்பின், மற்றையவை தெரியாவிடினும் வண்டியை அனுப்பலாம். இடம் தெரியாவிடின், வேறெதனை அறிந்தும் பயனில்லை. அழைப்பை ஏற்பவர் தொலைவில் இருப்பவர். "கோயிலடி" என்றால் அவருக்கு விளங்காது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்னும் பெயர்களும் பல தோட்டங்களில் உண்டு.

கூறவேண்டிய ஒழுங்கு வருமாறு:

1. மாவட்டம், நகரம், கிராமம் அல்லது தோட்டம், பிரிவு, லயத்தின் இலக்கம், அருகிலுள்ள கோயில், பாடசாலை அல்லது பாலம்.
2. நேர்ந்தது யாது.
3. எத்தனை பேர், அவர்களுக்கு நினைவும் மூச்சும் உண்டா.
4. அழைப்பவரின் தொலைபேசி இலக்கம்.

உதாரணமாக: "கேகாலை மாவட்டம், அரநாயக்க, இன்ன தோட்டம், கீழ்ப்பிரிவு, மூன்றாம் லயம், மாரியம்மன் கோயிலுக்குக் கீழே. மருந்தடித்த ஒருவர் மயங்கிவிட்டார். மூச்சு உண்டு."

மறுமுனையிலுள்ளவர் கூறும்வரை தொலைபேசியை வைத்தலாகாது. ஒருவர் பெருந்தெருச் சந்தியில் விளக்குடன் நிற்றல் நன்று. நஞ்சு உடலிற் சேர்ந்திருப்பின், மருந்துப் போத்தலை அதன் பெயர்ச்சீட்டுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

மண்சரிவின் அறிகுறிகள் காணப்படின், அதாவது நிலம் வெடித்தல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன தோன்றின், முதலில் அவ்விடத்தைவிட்டு அகலுக, பின்னர் அழைக்க.

இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119 என்னும் இலக்கங்கள் உள.

இவ்விலக்கங்களையும் தம் வீட்டின் முழு இட விபரத்தையும் கமக்காரர் ஒவ்வொருவரும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டிவைத்தல் வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளும் அதனை மனனஞ் செய்தல் அவசியம். பெரியவர்கள் கொழுந்து பறிக்கவும் வயலுக்கும் சென்றிருக்கும் நேரத்தில், அழைக்கவேண்டியவர் பிள்ளையாகவே இருத்தல் கூடும்.