புரோம் நடன விழாவும் சமூக ஊடக ஒப்பனை உத்திகளும்

புரோம் எனப்படும் பள்ளி நடன விழாவுக்குச் செல்லும் மாணவர்கள் பலர், டிக்டாக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகிய தளங்களில் வேகமாகப் பரவும் ஒப்பனை உத்திகளைப் பார்த்துத் தாங்களே ஒப்பனை செய்துகொள்கின்றனர். இவ்வுத்திகளில் சில, மேடையிலும் திரைப்படத் துறையிலும் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறைகள். சில, காணொளிக்காக மட்டுமே உருவானவை. வேறு சில, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்யக்கூடியவை. காணொளியில் மூன்றுமே அழகாகத் தெரிகின்றன. ஆகவே எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை முடிவு செய்ய, ஒரு காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை உதவாது. விழாக் கூடத்தின் ஒளியிலும், பல மணி நேர வியர்வையிலும், அணிபவரின் தோலிலும் அந்த உத்தி தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விழாவின் இயல்பு

புரோம் என்பது, உலா என்று பொருள்படும் புரோமனேட் என்னும் சொல்லின் சுருக்கம். இவ்விழா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது. பெரும்பாலும் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்காக, கல்வியாண்டு முடியும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் நடத்தப்படுகிறது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் இத்தகைய விழாக்கள் உண்டு. அந்நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் கலந்துகொள்கின்றனர்.

ஒப்பனையைப் பொறுத்தவரை, இவ்விழா ஒரே மாலையில் மூன்று வெவ்வேறு சூழல்களைக் கொண்டது. முதலில் வீட்டு முற்றத்திலோ பூங்காவிலோ வெயில் இருக்கும்போதே குடும்பத்தாருடன் படம் எடுப்பர். அடுத்து உணவு. அதன்பின் வண்ண விளக்குகள் மின்னும் இருண்ட கூடத்தில் நடனமும், பிளாஷ் ஒளியில் எடுக்கப்படும் படங்களும். வெயிலில் இயல்பாகத் தெரிந்த முகம் பிளாஷ் ஒளியில் வெளிறலாம். கூடத்தில் எடுப்பாக இருந்த வண்ணம் வெயிலில் திட்டுத்திட்டாகத் தெரியலாம். மூன்று சூழலுக்கும் பொருந்துவதே நல்ல விழா ஒப்பனை.

காணொளி காட்டாதவை

ஒப்பனைக் காணொளிகள் பலவும் வளைய விளக்கின் முன் எடுக்கப்படுகின்றன. இவ்விளக்கு முகத்துக்கு நேர் எதிரே நின்று எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசுவதால், நிழல்கள் மறைந்து தோல் வழவழப்பாகத் தெரிகிறது. தோலில் படிந்த தடித்த பூச்சும் அதில் தெரிவதில்லை. ஆனால் விழாக் கூடத்தில் ஒளி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழுகிறது. அப்போது கண்ணுக்குக் கீழே உள்ள மடிப்புகளும், பவுடர் திரண்ட இடங்களும் வெளிப்படுகின்றன.

வடிகட்டிகள் எனப்படும் பில்டர்கள் இன்னொரு சிக்கல். 2023இல் டிக்டாக்கில் பரவிய போல்டு கிளாமர் என்னும் பில்டர், முகத்துக்கு முன்னே கையை அசைத்தாலும் கலையாத அளவுக்கு முகத்தோடு ஒட்டி நின்றது. பழைய பில்டர்கள் கை குறுக்கிட்டால் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது தெரிவது பூச்சின் விளைவா, மென்பொருளின் விளைவா என்று பார்ப்பவரால் உறுதியாகச் சொல்ல இயலாது.

மூன்றாவது, நேரம். குறுங்காணொளி பூசி முடித்த நொடியோடு நின்றுவிடுகிறது. நான்கு மணி நேரம் கழித்து அதே முகம் எப்படி இருந்தது என்று காட்டும் காணொளிகளே மாணவருக்குப் பயன் தருபவை.

மதிப்பிடும் அளவுகோல்கள்

ஓர் உத்தியை ஏற்கும் முன் ஐந்து கேள்விகளை எழுப்பலாம். வெயில், மங்கிய ஒளி, பிளாஷ் ஆகிய மூன்றிலும் அது நன்றாகத் தெரியுமா? வியர்வை, கண்ணீர், கட்டித் தழுவுதல், உணவு ஆகியவற்றைத் தாங்குமா? காணொளியில் இருப்பவரின் தோல் நிறமும் தன்மையும் அணிபவருடையதோடு ஒத்தவையா? பயன்படுத்தும் பொருள் முகத்துக்கென்றே செய்யப்பட்டதா? தவறு நேர்ந்தால் விழா நாளில் எளிதில் திருத்த முடியுமா? நான்காவது கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், மற்ற நான்கையும் கேட்கத் தேவையில்லை.

ஏற்ற உத்திகள்

அண்டர்பெயின்டிங் என்பது, முகத்துக்கு நிழலும் சிவப்பும் தரும் வண்ணங்களை முதலில் பூசி, அதன் மேல் மெல்லிய பவுண்டேசனைப் பரப்பும் முறை. ஒப்பனைக் கலைஞர் மேரி பிலிப்ஸ் வழியாக டிக்டாக்கில் இது பரவலாக அறியப்பட்டது. வண்ணங்கள் அடியில் இருப்பதால் கோடுகள் தெரிவதில்லை. வெயிலிலும் கூடத்திலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். மேலே பூசும் பவுண்டேசன் தடித்துவிட்டால் அடியில் உள்ளவை மறைந்துபோகும் என்பது மட்டுமே இதில் கவனிக்க வேண்டியது.

கண்ணின் கருவளையத்தை ஆரஞ்சு வண்ணத்தால் சரிசெய்வது இன்னொன்று. 2015இல் இந்திய அமெரிக்கரான தீபிகா முத்யாலா, கண்ணுக்குக் கீழே சிவப்பு லிப்ஸ்டிக் பூசி அதன் மேல் கன்சீலர் இட்ட காணொளி பெரிதும் பரவியது. நீலத்துக்கு எதிர்வண்ணம் ஆரஞ்சு என்பதால், நீலச் சாயல் கொண்ட கருமையை அது சமன் செய்கிறது. நேரடியாகக் கன்சீலர் பூசினால் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தது போலத் தெரியும் குறை இதனால் நீங்குகிறது. லிப்ஸ்டிக்குக்குப் பதிலாக, இதற்கென்றே விற்கும் திருத்த வண்ணத்தை மிகச் சிறிதளவு பயன்படுத்துவது நல்லது. வெளிர் நிறத்தினருக்குப் பீச் சாயலும், கருநிறத்தினருக்கு அடர் ஆரஞ்சும் பொருந்தும்.

ஒட்டு நாடாவை அளவுகோல் போல வைத்து ஐலைனரின் வால் பகுதியை நேராக வரைவதும் பயனுள்ளதே. தோலுக்கென்று உள்ள, பிசின் குறைந்த நாடாவை எடுத்து, கையின் பின்புறத்தில் சிலமுறை ஒட்டி எடுத்தபின் பயன்படுத்தினால் இமையோரத் தோல் இழுபடாது. உதட்டில் ஒரு பூச்சு இட்டு, மெல்லிய தாளால் ஒற்றி, மறுபூச்சு இடும் பழைய முறை உணவுக்குப் பின்னும் வண்ணத்தை ஓரளவு காக்கிறது.

கவனம் தேவைப்படும் உத்திகள்

பேக்கிங் என்பது, கண்ணுக்குக் கீழும் தாடையிலும் பவுடரைத் தடிமனாக இட்டு, சில நிமிடங்கள் ஊறவிட்டுத் துடைத்தெடுக்கும் முறை. ஆண்கள் பெண் வேடமிட்டு நிகழ்த்தும் டிராக் கலையில் நீண்ட காலமாக வழங்கிவந்தது. மேடையின் கடும் ஒளியையும் தொலைவில் இருக்கும் பார்வையாளரையும் கருதி அமைந்த முறை இது. புரோமிலோ தோழி அரை அடி தூரத்தில் நின்று பேசுகிறாள். உலர்ந்த தோலில் இம்முறை வெடிப்புகளைக் காட்டும். எண்ணெய்ப் பசை மிகுந்தவர் மூக்கின் பக்கங்களிலும் நெற்றியிலும் மட்டும் குறைவாக இட்டுக்கொள்ளலாம்.

பேக்கிங்கில் இன்னொரு இடரும் உண்டு. சில வெண்பவுடர்களில் உள்ள சிலிக்கா, இயல்பான ஒளியில் கண்ணுக்குத் தெரியாது. பிளாஷ் ஒளியை மட்டும் அப்படியே திருப்பி அனுப்பி, படத்தில் வெள்ளைத் திட்டாகத் தோன்றும். 2009இல் நைன் திரைப்படத்தின் நியூயார்க் முதற்காட்சியில் நடிகை நிகோல் கிட்மனின் முகத்தில் இவ்வாறு வெண்பவுடர் தெரிந்த படங்கள் உலகெங்கும் வெளியாயின. தொழில்முறைக் கலைஞர்கள் சூழ்ந்த நடிகையருக்கே நேர்வது, கண்ணாடியை மட்டும் நம்பும் மாணவிக்கு எளிதில் நேரும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன்களும் இதே விளைவைத் தரக்கூடும். இருட்டறையில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஜம்சு என்பது கொரியாவிலிருந்து பரவிய முறை. அம்மொழியில் நீரில் மூழ்குதல் என்று பொருள். பவுடர் பூசிய முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் அமிழ்த்தி எடுப்பர். எண்ணெய்ப் பசை உள்ள முகத்தில் பளபளப்பு குறையலாம். ஆனால் அளவு தவறினால் பவுடர் திரிதிரியாகிவிடும். உடை மாற்றி, கண் ஒப்பனையும் முடித்தபின் இதை முயல்வது வீண் துணிச்சல்.

பிரைமர், பவுண்டேசன் சேர்க்கையிலும் கவனம் வேண்டும். ஒன்று சிலிக்கோன் அடிப்படையிலும் மற்றது நீர் அடிப்படையிலும் இருந்தால், அவை ஒட்டாமல் உருண்டு உதிரக்கூடும். பொருள் பட்டியலில் டைமெதிகோன் போல கோன் என்று முடியும் பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் அது சிலிக்கோன் வகை என்று அறியலாம்.

தவிர்க்க வேண்டியவை

கைவினைக் கடைகளில் விற்கும் மினுமினுப்புத் துகளைக் கண்ணிமையில் ஒட்டுவது ஆபத்தானது. அதன் கூர்மையான விளிம்புகள் கண்ணின் முன்புறம் உள்ள கருவிழிப் படலத்தைக் கீறக்கூடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு இடர் இன்னும் அதிகம். ஒப்பனைக்கென்றே செய்த நுண்துகள்களை, அவற்றுக்குரிய பசையுடன், இமையின் நடுவில் மட்டும் இடலாம்.

மருதாணியால் செயற்கைப் புள்ளிகள் இடும் உத்தியும் பரவியுள்ளது. கருப்பு மருதாணி என்று விற்கப்படுவனவற்றில் பாராஃபினைலின்டையமின் என்னும் முடிச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். அது கொப்புளத்தையும் நீங்காத தழும்பையும் ஏற்படுத்தக்கூடியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இதுபற்றி எச்சரித்துள்ளது. புருவப் பென்சிலால் இட்ட புள்ளி, பிடிக்காவிட்டால் ஒரு துடைப்பில் போய்விடும்.

தலைமுடிக்கான ஸ்பிரேயை முகத்தில் அடித்து ஒப்பனையை நிலைநிறுத்துவதும், மூல நோய்க் களிம்பைக் கண்ணுக்குக் கீழே தடவி வீக்கம் குறைப்பதும் தவிர்க்கத்தக்கவை. முன்னது கண்ணை உறுத்தி தோலை உலர்த்தும். பின்னதில் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து இருக்கலாம். கண்ணைச் சுற்றிய மெல்லிய தோலுக்கு அது செய்யப்பட்டதன்று. சன்ஸ்கிரீனைச் சில இடங்களில் குறைத்துப் பூசி, வெயிலில் நின்று முகத்தில் நிழல் உண்டாக்கும் சன்ஸ்கிரீன் கான்டூரிங்கும் இவ்வகையே. தோல் கருப்பது புறஊதாக் கதிரால் விளையும் பாதிப்பின் அடையாளம். கான்டூர் குச்சியின் நிறம் அன்றிரவே கழுவினால் போய்விடும். வெயில் செய்த பாதிப்பு அப்படிப் போவதில்லை.

வீட்டில் உள்ள கண்மையைப் பயன்படுத்துவோரும் அதன் சேர்மங்களைப் பார்க்க வேண்டும். கண்மை, சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. சேர்மப் பட்டியல் அச்சிடப்படாத டப்பாவை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஒத்திகை

எந்த உத்தியையும் விழா நாளில் முதன்முறையாக முயலக்கூடாது. புதிய பொருளை முகத்தில் பூசும் முன், முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் நாளுக்கு இருமுறை வீதம் 7 முதல் 10 நாட்கள் தடவிப் பார்க்குமாறு அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. அரிப்போ சிவப்போ வந்தால் அப்பொருளை விட்டுவிட வேண்டும். எனவே விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தேர்வு முடிந்திருப்பது வசதி.

அதன்பின் ஒரு விடுமுறை நாளில் முழு ஒப்பனையையும் செய்து பார்க்கலாம். செய்து முடிக்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெயிலில் ஒரு படம், வீட்டு விளக்கில் ஒரு படம், இருட்டில் பிளாஷுடன் ஒரு படம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு, அரை மணி நேரம் ஆடி, நான்கு மணி நேரம் கழித்து அதே மூன்று படங்களை மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த உத்தி நின்றது, எது கலைந்தது என்பது தெரிந்துவிடும். கலைந்ததைக் கூடுதல் பூச்சால் சரிசெய்ய முயல்வதைவிட, அதை விட்டுவிடுவதே பெரும்பாலும் சரியான முடிவு.

விழா நாளில் ஒற்றுத் தாள், உதட்டு வண்ணம், சில பஞ்சுக் குச்சிகள் ஆகியவை கைப்பையில் இருந்தால் போதும். மஸ்காராவையும் ஐலைனரையும் தோழியருடன் மாற்றிக்கொள்வது கண் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், அவரவர் பொருளை அவரவரே பயன்படுத்த வேண்டும்.

புரோம் படங்கள் பல குடும்பங்களில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகின்றன. அவ்வாண்டில் பரவிய உத்தி எதுவென்று சில ஆண்டுகளில் யாருக்கும் நினைவிராது. படத்தில் இருப்பவரை அவராகவே அடையாளம் காண முடிகிறதா என்பதையே பின்னாளில் பார்ப்பவர் கவனிப்பர்.