பிள்ளைக்கு எந்தக் கைப்பேசி?



மருந்தகத்துக்கு வருகிற தாய்மார்கள் இப்போது காய்ச்சல் மருந்தோடு இன்னொன்றும் கேட்கிறார்கள். "ஐயா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா புள்ள வீட்டுல தனியா இருக்கு. போன் வாங்கிக் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். எந்த மாதிரி போன் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய தொடுதிரைக் கைப்பேசியைக் கொடுத்துவிடுவது சுலபம். ஆனால் பிள்ளை அதில் உங்களை மட்டுமா கூப்பிடும்? ராத்திரி போர்வைக்குள்ளே வெளிச்சம் தெரியும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு நம்மோடு எழுந்திருக்கும் பிள்ளை இரவு 8 மணிக்கே தூங்கினால்தான் அது கிடைக்கும். கண்ணும் கெடும். எந்நேரமும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும் வெளியே விளையாடாததும் கிட்டப்பார்வைக்கு வழி. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் இருக்கச் சொல்லிப் பலன் கண்டார்கள். நமக்கென்ன, திடலுக்கா பஞ்சம்?

ஆகவே பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். நோக்கியா 105 மாதிரி. ஆனால் பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்க வேண்டும். 4ஜி வழியாகப் பேசும் வசதியும் உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவையை 2021 கடைசியில் மூடிவிட்டார்கள். மலிவு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம். பொத்தான் போனிலும் சிலவற்றில் யூடியூப் இருக்கிறது, அதையும் பாருங்கள். எந்த சிம் உங்கள் லயத்தில் எடுக்கும் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். மேட்டு லயத்தில் எடுப்பது பள்ளத்தில் எடுக்காது. சிம்மை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். உப்பிப்போன பேட்டரியை உடனே மாற்றுங்கள்.

பள்ளிப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறதே என்பீர்கள். அதை உங்கள் போனில், உங்கள் கண் முன்னால் பார்த்து எழுதட்டும்.

போன் வாங்கிய அன்றே 999 சொல்லிக்கொடுங்கள். இதைத்தான் பல வீட்டில் செய்வதில்லை. டாப்-அப் தீர்ந்திருந்தாலும் 999 போகும். ஆனால் ஆம்புலன்ஸ்காரருக்கு நம் லயம் எங்கே தெரியும்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், பக்கத்துப் பட்டணம், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்று பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதையும் மலாயில் சொல்லப் பழக்குங்கள். "அடிக் சாயா மினும் ராச்சுன்" என்றால் தம்பி விஷம் குடித்துவிட்டான் என்று அவர்களுக்கு உடனே புரியும். பாம்பு கடித்தால் "டிகிகிட் உலார்". அவர்கள் வைக்கச் சொல்லும்வரை பிள்ளை போனை வைக்கக் கூடாது. களைக்கொல்லி குடித்தவனை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலைக் கையோடு கொண்டுவர வேண்டும். போன் போடாமலே சாயங்காலத்தில் இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். நீங்கள் ஆம்புலன்ஸ்காரராக இருந்து கேளுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும்.