உள்ளாட்சி முறைமன்ற நடுவர்

உள்ளாட்சி முறைமன்ற நடுவர் என்பவர், மாநகராட்சி, நகராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளில் நிகழும் ஊழல், நிர்வாகச் சீர்கேடு ஆகியவை குறித்துக் குடிமக்கள் அளிக்கும் முறையீடுகளை விசாரிக்கும் தன்னாட்சி பெற்ற அலுவலர் ஆவார். ஆங்கிலத்தில் இவரைக் குறிக்கும் ஆம்புட்ஸ்மன் என்னும் சொல் சுவீடிய மொழியில் இருந்து வந்தது. அதற்குப் பிறர் சார்பாகச் செயற்படுபவர் என்பது பொருள். இவர் நீதிபதியும் அல்லர், அரசுத் துறையின் மேலதிகாரியும் அல்லர். ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் கடமையை முறையாகச் செய்ததா என்பதை அதற்கு வெளியில் இருந்து ஆராய்வதே இவரது பணியாகும்.

வரலாறு

சுவீடனில் 1809 ஆம் ஆண்டு அரசமைப்பின்படி நாடாளுமன்றத்தால் நியமிக்கப்பட்ட அலுவலரே இப்பதவியின் முன்னோடி ஆவார். டென்மார்க், நியூசிலாந்து முதலிய நாடுகள் இருபதாம் நூற்றாண்டில் இம்முறையை ஏற்றுக்கொண்டன. உள்ளாட்சிக்கென்றே தனி ஆம்புட்ஸ்மன் பதவியை இங்கிலாந்து 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கியது.

இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் பாராளுமன்றத்தின் வழியாகவே இவரிடம் முறையிட முடிந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் பொதுமக்கள் நேரடியாகவும் முறையிட வழி ஏற்பட்டது.

இந்தியாவில் லோக்பால், லோக் ஆயுக்தா ஆகிய அமைப்புகளை முதலாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணைக்குழு 1966 இல் பரிந்துரைத்தது. உள்ளாட்சிக்கெனத் தனி அமைப்பைத் தொடங்குவதில் கேரளம் முன்னோடியாக விளங்கியது. அங்கு பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் 1999 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஏழு உறுப்பினர் கொண்ட அமைப்பு 2000 இல் உருவாகி, 2001 இல் ஒருவர் மட்டுமே கொண்டதாக மாற்றப்பட்டது.

2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கான பதின்மூன்றாவது நிதி ஆணையம், உள்ளாட்சிகளுக்கான செயற்பாட்டு மானியத்தைப் பெறுவதற்கு மாநிலங்கள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளில் ஒன்றாகச் சுதந்திரமான முறைமன்ற நடுவரை நியமிப்பதைக் குறிப்பிட்டது. குறைந்தது மாநகராட்சிகள், நகராட்சிகள், மாவட்ட ஊராட்சிகள் ஆகியவற்றின் உறுப்பினர்களும் அலுவலர்களும் அவரது விசாரணைக்கு உட்பட வேண்டும் என்றது. இதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் 2014 ஆம் ஆண்டில் உள்ளாட்சி முறைமன்ற நடுவருக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

முறையீட்டுக்கு உரியவை

எல்லாக் குறைகளும் நிர்வாகச் சீர்கேடு ஆகிவிடுவதில்லை. கோடையில் நிலத்தடி நீர் வற்றியதால் தெருவுக்குக் குடிநீர் குறைவாக வந்தால் அது ஒரு குறை. ஆனால் குடிநீர் இணைப்புக்குக் கட்டணம் செலுத்தி இரசீது பெற்ற ஒருவரின் விண்ணப்பம் காரணமின்றிக் கிடப்பில் போடப்பட்டு, பின்னர் விண்ணப்பித்தவருக்கு முதலில் இணைப்பு தரப்பட்டால் அது நிர்வாகச் சீர்கேடு. காரணமற்ற தாமதம், பாரபட்சம், விதிமீறல், கையூட்டு, செய்யாத வேலைக்குப் பட்டியல் போடுதல் முதலியன நடுவரின் விசாரணைக்கு உரியவை. நிதி எந்தத் தெருவுக்கு முதலில் ஒதுக்கப்பட வேண்டும் என்பது போன்ற கொள்கை முடிவுகள், முறைப்படி எடுக்கப்பட்டிருக்கும் வரை, பொதுவாக இவரது எல்லைக்கு வெளியில் உள்ளன.

விசாரணை முறை

நடுவர் முதலில் முறையீடு தமது அதிகார எல்லைக்குள் வருகிறதா எனப் பார்க்கிறார். வருமாயின் அதன் படியை உள்ளாட்சி அமைப்புக்கு அனுப்பி விளக்கம் கோருகிறார். இரு தரப்பு ஆவணங்களும் ஒப்பிடப்படுகின்றன. தேவையெனில் நேரில் விசாரணை நடைபெறுகிறது.

கேரளச் சட்டம் இதற்கு விரிவான எடுத்துக்காட்டாகும். அங்கு நடுவர் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இணையான அதிகாரம் கொண்டவர். நிகழ்வு நடந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அளிக்கப்படும் முறையீடுகளையும், தீர்ப்பாயத்தில் பரிகாரம் தேடக்கூடிய விடயங்களையும் அவர் ஏற்பதில்லை. விசாரணையின் முடிவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கவும், உள்ளாட்சிக்கு ஏற்பட்ட இழப்பைப் பொறுப்பானவரிடம் இருந்து வசூலிக்கவும், விடுபட்ட பணியைச் செய்து முடிக்கவும் ஆணையிடலாம். குற்றச் செயல் எனத் தெரியவந்தால் உரிய புலனாய்வு அமைப்புக்கு அனுப்புகிறார்.

இங்கிலாந்தில் நடுவரின் முடிவுகள் பரிந்துரைகளே. அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆயினும் அறிக்கைகள் வெளியிடப்படுவதால் உள்ளாட்சி மன்றங்கள் பெரும்பாலும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. அங்கு முறையிடுபவர் முதலில் உரிய மன்றத்திடமே புகார் செய்து அதற்கு வாய்ப்பளித்திருக்க வேண்டும்.

எல்லைச் சிக்கல்: மேடவாக்கம்

முறையீடுகள் தொடக்கத்திலேயே தடைபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், தவறான அலுவலகத்துக்கு அனுப்பப்படுவதாகும். சென்னையின் தென் புறநகரான மேடவாக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மேடவாக்கத்துக்கு வடக்கே உள்ள பள்ளிக்கரணை 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தாம்பரம் செல்லும் திசையில் உள்ள செம்பாக்கம், 2021 இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகியது. இடையில் உள்ள மேடவாக்கம் அப்போது இரண்டிலும் சேர்க்கப்படாமல், செங்கல்பட்டு மாவட்டம் பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சியாகவே விடப்பட்டது. இவ்வாறு ஒரே சாலையில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வகை நிர்வாகங்கள் அமைந்தன.

இதன் விளைவுகள் நடைமுறையில் பெரியவை. பள்ளிக்கரணையில் குடிநீர், கழிவுநீர் ஆகியவை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; ஊராட்சிப் பகுதியில் தெருக்குழாயும் தெருவிளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. மேடவாக்கம் சந்திப்பில் 2022 இல் திறக்கப்பட்ட மேம்பாலம் நெடுஞ்சாலைத் துறையால் கட்டப்பட்டது. அதனைப் பற்றிய குறைக்கு ஊராட்சி பதிலளிக்க இயலாது. மின் வழங்கல் குறித்த குறைகளுக்கு, 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும் அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் உள்ளனர்.

ஊராட்சிகளைப் பொறுத்தவரை 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வேறொரு வழியையும் வகுத்துள்ளது. மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆவார். கடமை தவறும் ஊராட்சித் தலைவர் மீது இச்சட்டத்தின் 205 ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்டு, அவரைப் பதவிநீக்கம் செய்யும் நடவடிக்கையை ஆட்சியர் தொடங்கலாம். அன்றாடக் குறைகளுக்கு ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரை அணுகலாம். கிராம சபையிலும் குறைகளை எழுப்பிப் பதிவு செய்யலாம். 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்பட்டு வருகிறது.

ஆவணங்களின் இன்றியமையாமை

நடுவர் ஆயினும் ஆட்சியர் ஆயினும், அவர்கள் பார்ப்பது எழுத்து வடிவில் உள்ள சான்றுகளையே. வாய்மொழியாகப் பலமுறை கேட்டும் பயனில்லை என்பதைக் காட்டிலும், தேதியிட்ட ஒரு மனுவும் அதற்கான ஒப்புகையும் வலுவானவை. முறையீட்டில் பின்வருவன இருப்பது நலம்.

• பொறுப்பான உள்ளாட்சி அமைப்பின் பெயர், வார்டு, தெரு
• நிகழ்ந்தது என்ன, எந்தத் தேதியில் என்பதன் சுருக்கம்
• முன்னர் அளித்த மனுக்களின் படிகள், வரி மற்றும் கட்டண இரசீதுகள், ஒளிப்படங்கள்
• கோரும் பரிகாரம்

உள்ளாட்சியின் கோப்புகளைப் பெறுவதற்கு 2005 ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயன்படுகிறது. இதன்படி விண்ணப்பம் பெற்ற 30 நாட்களுக்குள் தகவல் அளிக்கப்பட வேண்டும். இல்லையெனில் மேல்முறையீடு செய்யலாம். ஒரு பணிக்கான மதிப்பீடு, அளவைப் புத்தகம், பட்டியல் ஆகியவற்றின் படிகளைப் பெற்று ஒப்பிட்டால், போடப்படாத சாலைக்குப் பணம் கொடுக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

வரம்புகள்

முறைமன்ற நடுவரால் புதிய குழாய் பதிக்கவோ, குப்பை வண்டி அனுப்பவோ முடியாது. அப்பணிகளைச் செய்ய வேண்டியது உள்ளாட்சியே. எனவே அவசரக் குறைகளுக்கு இவர் முதல் வாசல் அல்லர். மற்றக் கதவுகளைத் தட்டிய பின்னர் அணுகத் தக்கவர். வழக்கறிஞரை அமர்த்தி நீதிமன்றம் செல்ல வசதியில்லாத ஒருவருக்கும், தம் மனு ஏன் கிடப்பில் போடப்பட்டது என்பதற்கு எழுத்தில் விடை பெறும் வாய்ப்பை இப்பதவி அளிக்கிறது. ஒருவருக்கு அளிக்கப்படும் அந்த விடை, அதே குறை உடைய அண்டை வீட்டாருக்கும் சான்றாகப் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• லோக் ஆயுக்தா
• கிராம சபை
• தகவல் அறியும் உரிமைச் சட்டம்
• தாம்பரம் மாநகராட்சி
• மேடவாக்கம்