கேள்விக்கணை தொடுத்த தீரர் சத்தியமூர்த்தி

சென்னையில் விடியற்காலையில் எழுந்து, குழாயைத் திறந்து குடம் நிறைக்கும் தாய்மார்கள் ஏராளம். நகரத்துக்கு வரும் குடிதண்ணீரில் ஒரு பகுதி பூண்டி ஏரியில் இருந்து வருகிறது. அந்த ஏரிக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள்.

அவர் மந்திரியாக இருந்தவர் அல்ல. பெரும் பணக்காரரும் அல்ல. அவரிடம் இருந்த ஆயுதம் ஒன்றுதான். அது பேச்சு!

அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி. தியாகராயநகரில் குடியிருந்தவர்.

திருமயத்துப் பிள்ளை

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் உள்ள திருமயத்தில், 1887-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந்தேதி அவர் பிறந்தார். சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியிலும், பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்தார். வக்கீல் ஆனார். ஆனால் அவரது மனம் நாட்டு விடுதலையில் சென்றது.

அந்தக் காலத்தில் காங்கிரசுக்குள் ஒரு பெரிய வாதம் நடந்தது. "வெள்ளைக்காரன் அமைத்த சட்டசபையில் நமக்கு என்ன வேலை? அதைப் பகிஷ்கரிக்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. "உள்ளே போய்ப் போராட வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. சத்தியமூர்த்தி இரண்டாவது கட்சி. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்தார். 1923-ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார்.

அவர் எப்போதும் சரியான பக்கத்தில் நின்றார் என்று சொல்ல முடியாது. கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சபையில் போராடினார். சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். அந்த வாதத்தில் காலம் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம் நின்றது. 1947-ல் சட்டம் வந்தது. அடையாற்றில் அவர் வளர்த்த அவ்வை இல்லமும், 1954-ல் உருவான புற்றுநோய் மருத்துவமனையும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன.

டெல்லியில் முழக்கம்

1934-ல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. சென்னை நகரத்தில் சத்தியமூர்த்தியை எதிர்த்து நின்றவர் ஏ. ராமசாமி முதலியார். ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தலைவர். அவரும் பேச்சில் வல்லவர். சத்தியமூர்த்தி வென்றார்.

டெல்லியில் பூலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சித் தலைவர். சத்தியமூர்த்தி துணைத்தலைவர்.

அந்தச் சபைக்கு முழு அதிகாரம் கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒரு மசோதாவைத் தோற்கடிக்கலாம். ஆனால் வைசிராய் ஒரு கையெழுத்துப் போட்டு அதைச் சட்டம் ஆக்கிவிடுவார். 1935-ல் வரி மசோதாவுக்கு அப்படித்தான் நடந்தது.

"பிறகு எதற்குப் பேச வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில், கேள்வி நேரம்.

உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுப்பார். அதிகாரி பதிலைத் தயார் செய்து வந்து படிப்பார். அத்துடன் விட்டால் அதிகாரிக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பதிலில் இருந்தே துணைக்கேள்வி கேட்கலாம். அதற்கு எழுதி வைத்த பதில் இருக்காது!

இதில்தான் சத்தியமூர்த்தி மன்னர். ஒன்றன் பின் ஒன்றாகக் கேள்விக்கணை தொடுப்பார். ஓட்டை மாற்றி எழுதலாம். ஆனால் ஊரறியச் சொன்ன பதிலை மாற்ற முடியாது. மறுநாள் பத்திரிகைகளில் அது நாடெங்கும் பரவிவிடும்.

கிடைக்காத பதவி

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமோக வெற்றி பெற்றது. அதற்காகப் பட்டிதொட்டி எல்லாம் உழைத்தவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். ஆனால், தான் நிற்பதாக இருந்த பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதமர் ஆனார். மாகாண முதல்வரை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். மந்திரிசபையில் சத்தியமூர்த்திக்கு இடம் இல்லை.

அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. 1940-ல் அவருடைய சீடர் காமராசர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார். அந்தச் சீடருக்குக் கீழே குருவே காரியதரிசியாக இருந்தார்!

பூண்டி ஏரி

1939-ல் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். நகரம் நீருக்குச் செங்குன்றம் ஏரியையும் சோழவரம் ஏரியையும் நம்பி இருந்தது. மக்கள்தொகை பெருகியது, தண்ணீர் போதவில்லை. கொசஸ்தலை ஆற்று வெள்ளமோ எண்ணூர் அருகே கடலில் கலந்து வீணாகிக்கொண்டிருந்தது.

"பூண்டியில் ஆற்றைத் தடுத்துத் தண்ணீரைத் தேக்க வேண்டும்" என்று அவர் பாடுபட்டார். அப்போது உலகப்போர் தொடங்கி இருந்தது. போர்க்காலத்தில் வெள்ளைக்கார சர்க்காரைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியம் அல்ல. அவர் விடவில்லை. 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கடைசிச் சிறைவாசம்

1942 ஆகஸ்டில் பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. அதில் கலந்துகொண்டு திரும்பிய சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டார். சிறை அவருக்குப் புதிது அல்ல. முன்பு சிறையில் இருந்தபடியே மகள் லட்சுமிக்குக் கடிதங்கள் எழுதியவர் அவர். அவை பின்னாளில் புத்தகமாக வந்தன.

இந்த முறை உடல் தாங்கவில்லை. தொலைதூரத்து அமராவதி சிறைக்குக் கொண்டுபோனபோது முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. 1943 மார்ச் 28-ந்தேதி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 55.

பூண்டி ஏரி 1944-ல் கட்டி முடிந்தது. அதில் தண்ணீர் நிறைந்ததை அவர் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அதற்குச் "சத்தியமூர்த்தி சாகர்" என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் ஆந்திராவில் இருந்து கிருஷ்ணா நதி நீர் வந்து சேர்ந்ததும் இந்த ஏரியில்தான்.

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. காமராசர் முதலில் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குச் சென்றார். அங்கே தேசியக் கொடியை ஏற்றினார். 1954-ல் முதல்-மந்திரி ஆனபோதும் அந்த வீட்டுக்குப் போய், குருவின் மனைவியை வணங்கினார்.

பதவி தேடி வராத அந்த வீட்டுக்கு, முதல்-மந்திரியே தேடி வந்தார்.