மலைப்பாதை வண்டிகளில் மின்சார விநியோகம்: ஒரு பழுது முழு வண்டியையும் இருளாக்காதிருக்கும் வழி

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவியிருப்பது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை முதலிய சிறு தானியங்களைப் பயிரிடுவதோடு, புளி, பலா, தேன், கடுக்காய் முதலியவற்றையும் விற்பனைக்குக் கொண்டு வருகின்றனர். இவ்விளைபொருள்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கும், காவலூர் மார்க்கமாக ஆலங்காயத்துக்கும் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதைகளின் வழியே இறங்கவேண்டும். விடியற்காலச் சந்தையை உத்தேசித்து இரவிலேயே புறப்படுவதும், அறுவடைக் காலத்தில் இருட்டிய பின் திரும்புவதும் சகஜம்.

காவலூரில் உள்ள வானாய்வகத்துக்கு 1986-ஆம் ஆண்டில் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அமைந்திருக்கிறது. வானத்தை ஆராய்வோர் அவ்விடத்தை நாடியதற்கு அதன் இருளும் ஒரு காரணம். அவர்களுக்கு அனுகூலமாகிய அதே இருள், பாரத்தோடு இறங்கும் டிராக்டர் ஓட்டிக்கு அபாயமாகும். வளைவில் திரும்பும் சமயத்தில் முன் விளக்கும் பின் விளக்கும் ஒருங்கே அணைந்துவிடுமாயின், பாதையின் ஓரம் அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவருக்கு அவர் வண்டி தெரியாது. இத்தகைய நேர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஒரு முழம் கம்பியின் தேய்வே. அத்தேய்வு வண்டி முழுவதையும் பாதிக்காமல் தன்னிடத்திலேயே அடங்கி நிற்கும்படி மின்சாரத்தைப் பங்கிடுவது எவ்வாறு என்பதை இங்கு விளக்குவோம்.

மின்சாரம் செல்லும் வழி

டிராக்டர்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் 12 வோல்ட் மின்சாரமும், பஸ்களிலும் பெரிய லாரிகளிலும் பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரமும் உபயோகத்தில் உள்ளன. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உண்டாக்கி விளக்கு முதலியவற்றுக்கு அளிப்பதோடு பாட்டரியையும் நிரப்புகிறது. எஞ்சின் நின்றிருக்கையில் பாட்டரி ஒன்றே ஆதாரம். அங்கிருந்து கம்பிகளின் வழியே புறப்படும் மின்னோட்டம், விளக்கையோ ஹாரனையோ அடைந்து வேலை செய்தபின், வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. இத்திரும்பும் வழியையே மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்று சொல்வர்.

ஏரிப் பாசனம் அறிந்த குடியானவருக்கு இது எளிதில் விளங்கும். பாட்டரி ஏரியைப் போன்றது. தடித்த கம்பி தலை வாய்க்கால், மெல்லிய கம்பிகள் கிளை வாய்க்கால்கள், விளக்குகள் வயல்கள். ஒரு கிளை வாய்க்காலின் கரை உடைந்து, அதை அடைப்பதற்கு மடையும் இல்லையென்றால், எல்லா வயல்களுக்கும் தண்ணீர் நின்றுபோகும், ஏரியும் வற்றும். மின்சாரத்தில் அந்த மடையின் வேலையைச் செய்வது பியூஸ்.

பழுது பரவும் விதம்

ஓடும் வண்டியின் அதிர்ச்சியால் கம்பி இரும்பில் உராய்ந்து, அதன் மேலுறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு சட்டத்தைத் தொடுமாயின், மின்சாரம் விளக்கின் வழியே செல்லாமல் நேரே பாட்டரிக்குத் திரும்பிவிடும். இதுவே ஷார்ட் சர்க்யூட் எனப்படுவது. 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். ஷார்ட் ஆன பாதையின் மொத்தத் தடை 0.02 ஓம் என்று கொண்டால், அதில் 600 ஆம்பியர் ஓட முற்படும். மெல்லிய கம்பி இதனைத் தாங்காது. சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்து, மேலுறை எரியும். பக்கத்தில் டீசல் குழாயோ காய்ந்த வைக்கோலோ இருந்தால் வண்டியே தீக்கிரையாகலாம்.

பியூஸ் இருந்தால் அது உருகி ஓட்டத்தைத் துண்டித்துவிடும். ஆயினும், எல்லா விளக்குகளுக்கும் ஒரே பியூஸ் வைத்திருந்தால், தீ தவிர்க்கப்படுகிறதேயன்றி இருள் தவிர்க்கப்படுவதில்லை. டிரெய்லரின் பின் விளக்குக் கம்பி ஒன்று தேய்ந்தமையால் டிராக்டரின் முன் விளக்குகளும் அணைந்துபோகும். ஆகவே பியூஸ் இருப்பது மட்டும் போதாது. அது எந்த இடத்தில், எந்த அளவில், எத்தனை கிளைகளுக்கு ஒன்றாக இருக்கிறது என்பதே முக்கியம்.

ஐந்து விதிகள்

முதலாவது, பிரித்தல். முன் விளக்குகள், பின் விளக்குகள், ஹாரன், டிரெய்லர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளையும் தனித்தனிப் பியூஸும் வேண்டும். இடது முன் விளக்குக்கு ஒன்றும் வலது முன் விளக்குக்கு ஒன்றுமாகப் பிரிப்பது மிகவும் நலம். 55 வாட் விளக்கு ஒன்று 4.6 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தக்க கனமுள்ள கம்பியும் 10 ஆம்பியர் பியூஸும் போதும். ஒன்று போனாலும் மற்றொன்றைக் கொண்டு வண்டியை நிறுத்துமிடம் வரை ஓட்டலாம்.

இரண்டாவது, அருகிலுள்ள மடை முதலில் அடைபடுதல். பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைப் பியூஸ் பெரிதாகவும், கிளைப் பியூஸ்கள் சிறிதாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் கிளையில் பழுது நேர்ந்தால் கிளைப் பியூஸே முந்தி உருகும். பியூஸ் தன் அளவைச் சற்றுத் தாண்டியவுடன் உருகுவதில்லை. இரு மடங்கு ஓட்டம் சென்றால் சில விநாடிகளில் உருகும். ஆகையால் தலைப் பியூஸுக்கும் கிளைப் பியூஸுக்கும் அளவில் நல்ல வித்தியாசம் இருத்தல் அவசியம். பியூஸின் அளவு கம்பியின் கனத்தைப் பொறுத்தது என்பதையும் மறக்கலாகாது. பியூஸ் காப்பது கம்பியை, விளக்கை அன்று.

மூன்றாவது, இரட்டை வழி. இன்றியமையாத சாதனத்துக்கு மின்சாரம் இரு வழிகளில் கிடைக்குமாறு செய்தல். ஆகாய விமானங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மின்னாக்கிகளும், தனித்தனி விநியோகப் பாதைகளும் வைத்திருப்பது இக்காரணத்தாலேயே. பெரிய வண்டிகள் சிலவற்றில் இரண்டாவது பாட்டரி ஒன்றை வைத்து, முதற்பாட்டரி வற்றினாலும் அது வற்றாதபடி இடையில் பிரிப்பான் அமைக்கின்றனர்.

நான்காவது, பொதுக் கண்ணியை நீக்குதல். இரண்டு முன் விளக்குகளுக்கும் இரண்டு பியூஸ் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே ரிலேயின் மூலம் இயக்கினால், அந்த ரிலே கெட்டவுடன் இரண்டும் அணையும். இரு கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே கூரிய விளிம்பின் மேல் இழுத்தால் இரண்டும் ஒன்றாகவே தேயும். பெயரளவில் இரண்டாயிருப்பது உண்மையில் ஒன்றேயாகும்.

ஐந்தாவது, மறைந்த பழுதை வெளிப்படுத்துதல். இரட்டை ஏற்பாட்டில் ஒன்று கெட்டபோதும் வண்டி ஓடுகிறதாகையால், ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மற்றொன்று கெடும் நாளில்தான் துன்பம் தெரியும். எனவே புறப்படுமுன் எல்லா விளக்குகளையும் ஒவ்வொன்றாக எரித்துப் பார்ப்பது இவ்வேற்பாட்டின் ஓர் அங்கமேயன்றி வீண் வேலையன்று.

டிராக்டரும் டிரெய்லரும்

நமது குடியானவர்களின் வண்டிகளில் மிகுதியாகப் பழுது காணும் இடம் டிரெய்லர் இணைப்பே. அங்கே கம்பி தொங்கி ஆடுகிறது; சேறும் கல்லும் படுகின்றன; மாட்டுவதும் கழற்றுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. இரண்டு 5 வாட் பின் விளக்குகளும் இரண்டு 21 வாட் பிரேக் விளக்குகளும் சேர்ந்து 52 வாட், அதாவது ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். டிரெய்லருக்கென்று டிராக்டரிலேயே 7.5 ஆம்பியர் தனிப் பியூஸ் ஒன்று வைத்தால், பின்னால் என்ன நேர்ந்தாலும் முன் விளக்குகளுக்குக் குந்தகமில்லை. இன்டிகேட்டர் கிளையைத் தனியே கொள்ளவேண்டும்.

பலர் டிரெய்லருக்கு எர்த் கம்பி இழுக்காமல், கொக்கியும் பின்னும் இரும்புதானே என்று விட்டுவிடுகின்றனர். கிரீஸும் துருவும் படிந்த அவ்விணைப்பு, மேட்டில் ஒரு விதமாகவும் இறக்கத்தில் ஒரு விதமாகவும் தொடும். இதனால் பின் விளக்குகள் மினுக்கும். பிரேக்கை மிதிக்கும்போது இன்டிகேட்டர் எரியும். சாக்கெட்டின் வழியாகத் தனி எர்த் கம்பி ஒன்று இழுப்பது சிறு செலவு; பயனோ பெரிது.

புது வண்டிகளில் கூடுதல் கவனம்

பழைய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் பம்பு இயந்திர விசையால் இயங்கியது. மின்சாரம் நின்றாலும், எரிபொருளை அடைக்கும் மின்சார வால்வு இல்லாதவை ஓடிக்கொண்டேயிருக்கும். இப்போது நிலைமை வேறு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இவற்றுக்கேற்ப வந்த டீசல் எஞ்சின்களில் எரிபொருள் செலுத்துவதை மின்னணுச் சாதனம் ஆள்கிறது. அதற்கு மின்சாரம் தடைப்பட்டால் எஞ்சின் நின்றுவிடும். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் எஞ்சின் தரும் தடுப்பு கைவிட்டுப் போகலாம், ஸ்டியரிங் கனக்கும், எஞ்சின் விசையால் உதவி பெறும் பிரேக்கும் நாளடைவில் அன்றிச் சில மிதிகளிலேயே கடினமாகும்.

மின்சார வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பாட்டரியன்றி, விளக்குகளுக்கும் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கும் தனியே சிறு பாட்டரி பெரும்பாலும் உண்டு. பெரிய பாட்டரியை இணைக்கும் விசைகளை மூடுவதும் அச்சிறு பாட்டரியே. ஆதலால் பெரிய பாட்டரி நிறைந்திருந்தும், சிறியது வற்றினால் வண்டி நகராதிருக்கலாம். வண்டிகளின் மின்சார, மின்னணு அமைப்புகளுடைய பாதுகாப்புக்காக 2011-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் சர்வதேச விதி வெளியாயிற்று. உருகும் பியூஸுக்குப் பதிலாக, ஓட்டத்தை அளந்து கணத்தில் துண்டித்து, பழுது நீங்கியபின் மீண்டும் இணைக்கவல்ல மின்னணுப் பியூஸ்களும் வழக்கத்துக்கு வந்துள்ளன. இத்தகைய வண்டிகளில் அதிகப்படி விளக்குகளையோ பாட்டுப் பெட்டியையோ கண்ட கம்பியில் ஒட்டி இணைப்பது பெருந்தவறு. உற்பத்தியாளர் ஒதுக்கியுள்ள இணைப்பையே நாடவேண்டும்.

பழுதைக் கண்டறியும் எளிய முறை

பழைய டிராக்டரில் ஒரு கிளையின் பியூஸ் திரும்பத் திரும்ப உருகினால், பியூஸ்களை வீணாக்க வேண்டாம். அக்கிளையிலுள்ள பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரு கம்பிகளால் இணைத்து, ஸ்விட்சைப் போடவும். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பின்பு கம்பிக் கட்டை ஓர் இடமாக அசைத்து வரவும். எவ்விடத்தை அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அவ்விடத்தில்தான் தேய்வு உள்ளது. பல்பு ஓட்டத்தை 2 ஆம்பியருக்குள் அடக்கிவிடுவதால் கம்பி எரியும் பயமில்லை. மின்னணுக் கட்டுப்பாடுள்ள புது வண்டிகளில் இதைச் செய்யாமல் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே உத்தமம்.

கவனிக்கவேண்டியவை

1. உருகிய பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ ஒருபோதும் வைக்கலாகாது. அது மடையை உடைத்தெறிவதற்கு ஒப்பாகும்.

2. தட்டைப் பியூஸ்களை நிறத்தால் அறியலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். அதே நிறத்தையே மாற்றாக வைக்கவேண்டும். ஒவ்வோர் அளவிலும் இரண்டு கைவசம் இருக்கட்டும்.

3. கம்பி இரும்புத் துளையில் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். நீண்ட கம்பிகளைத் தொங்கவிடாமல் இடையிடையே கட்டவும்.

4. பாட்டரி முனைகளில் பூக்கும் வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவவும். சோடா நீர் பாட்டரிக்குள் செல்லக்கூடாது.

5. எதிர்முனை எர்த் ஆகியுள்ள வண்டியில் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளவும்.

6. எஞ்சின் ஓடுகையில் பாட்டரி இணைப்பைக் கழற்றலாகாது. திடீரென்று மிகும் வோல்ட்டேஜ் மின்னணுச் சாதனங்களைக் கெடுத்துவிடும்.

7. இளைப்பாறிய பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவு காட்டவேண்டும். அங்ஙனமில்லையேல் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் சோதிக்கவும்.

8. டிரெய்லரின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ஒளியைத் திருப்பும் தகடுகளை ஒட்டிச் சுத்தமாக வைக்கவும். மின்சாரம் முழுவதும் நின்றபோதும் பின்னால் வருபவருக்கு வண்டியைக் காட்டுபவை இவையே.

9. வழியில் விளக்குகள் அணைந்தால் மேற்செல்ல முயலாமல், பாதையின் ஓரத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்குக் கல் அணை கொடுக்கவும். கை விளக்கு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய்ச் செலவிலும் ஒரு பகல் வேலையிலும் முடிபவை. சாமை, புளி முதலியவற்றின் அறுவடை மும்முரமாவதற்கு முன்பே மலைக் குடியானவர்கள் தங்கள் டிராக்டர்களையும் டிரெய்லர்களையும் இவ்வாறு சோதித்துச் சீர்செய்துகொள்வார்களாயின், இரவில் இறங்கும் பாரமும் அதை ஓட்டிச் செல்பவரும் க்ஷேமமாக வந்து சேருவர்.